காகம் ஏறாத மேடு

ஓல்டர் ஹில் அடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் நான்கு அறிவிப்புப் பலகைகள் இருந்தன. நாயை அவிழ்த்துவிடாதே, நெருப்பு மூட்டாதே, டிரோன் பறக்கவிடாதே, குப்பை போடாதே. ஆனந்தராஜா காரைவிட்டு இறங்கி நான்கையும் நின்று நிதானமாக வாசித்தார். மனைவியின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்காதே என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. அந்த மட்டில் இங்கிலாந்துச் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது.

மகள் கோதை பின்பக்கத்திலிருந்து சாப்பாட்டுப் பையை இழுத்து எடுத்தாள்.

“அப்பா, இது லிற்றரலி பத்துப் பேருக்குக் காணும். பெரியம்மா ஒரு காகத்துக்குச் சமைச்சாவோ, காகத்தின்ர சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துச் சமைச்சாவோ?”

“தவமலர் மச்சாளுக்கு அளவாச் சமைக்கத் தெரியாது பிள்ளை. அளவாக் கதைக்கவும் தெரியாது.”

தவமலர், இறந்துபோன சுவர்ணாவின் அக்கா. கிங்ஸ்பரி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இவர்களுக்காகக் காத்திருந்தாள். காகம் வாய் வைக்கும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிடக்கூடாது. காலையில் கோயிலில் ஐயர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார். மிச்சம் இந்தப் படையல் ஒன்றுதான். மூன்று வயிறுகள் ஒரு காகத்தை நம்பிக் கிடந்தன.

இதற்கு முன்பும் நம்பிக் கிடந்ததுதான். ஒரு வருடமாக மாதாமாதம் வீட்டுப் பின்வளவில் இலை போட்டு ஆனந்தராஜா கத்தாத கத்தல் இல்லை. புறா வந்தது. அணில் வந்தது. ஒரு நாள் நரி வந்து வடையை மட்டும் தெரிந்தெடுத்துக் கொண்டு போனது. காகம் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டார் எலி வருகிறதென்று முறையிட்டு, கவுன்சிலில் இருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. காகம் வராத வீட்டுக்குக் கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது.

வேறு யாருடைய வீடென்றால் அவரே இதைச் சொல்லிச் சிரித்திருப்பார். அவருக்குச் சிரிப்புக் காட்டத்தான் தெரியும். இருபத்துநான்கு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் இரவும் பகலும் நின்றவர், வாயால்தான் தன்னை விழித்திருக்க வைத்தவர். அந்த வாய்தான் போன வருடம், வெம்பிளியில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், முந்நூறு பேருக்கு நடுவில் மைக்கைப் பிடித்தது.

“என்ர மனிசி டிரைவிங் டெஸ்டிலை ஏழு தரம் பெயில். டெஸ்ட் எடுக்கிற வெள்ளைக்காரன் இப்ப எங்களுக்குக் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புறவன்!”

மண்டபம் குலுங்கியது. சுவர்ணாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் குசினியில் விழுந்தாள், பிறகு எழும்பவில்லை. எட்டாவது டெஸ்டுக்கு ஒரு கிழமை இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் போனாளா, இல்லை போகிறபோது விட்டுவிட்டுப் போனாளா? இந்த ஒரு கேள்விதான் ஆனந்தராஜாவிடம் மிச்சம் இருந்தது. பதில் சொல்லக்கூடியது ஒரு காகம் மட்டும்.

காகம் நிறைய இருக்கிற இடம் என்று இந்த மேட்டைக் காட்டியவர், சீனி வருத்தத்துக்காக லண்டனின் அத்தனை பூங்காவையும் நடந்து அளந்த கூட்டாளி செபஸ்தியாம்பிள்ளை. “கார்ப்பார்க்கிலையே வையும் ஐசே. அங்கை சிப்ஸ் தின்னுற காகம் ஒரு பட்டாளம் நிக்கும். மேலை ஏறாதையும், ஒருத்தரும் ஏறுறேல்லை” என்று சொல்லியிருந்தார். ஏன் ஏறுவதில்லை என்று ஆனந்தராஜா கேட்கவில்லை. மூட்டு வலியாக இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

பட்டாளம் நின்றது உண்மைதான். வேலிக் கட்டை, குப்பைத் தொட்டி, அறிவிப்புப் பலகை எல்லாவற்றிலும் காகங்கள். ஆனால் வாங்கில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, வேட்டியும் குளிர் ஜாக்கெட்டுமாக நின்ற அவரையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இவையளுக்கு முன்னாலை நான் கா கா எண்டு கத்தேலாது” என்றார்.

“வை நொட்? அவைக்கும் பொழுது போகும்.”

“மேலை போவம். காகத்துக்குச் செட்டை இருக்குத்தானே, வரட்டும்.”

மைக் முன்னால் வராத வெட்கம், வரக்கூடாத இடத்தில் வந்தது.

முதலில் வெண்தோல் மரங்களுக்கு ஊடாக ஒற்றையடிப் பாதை. முற்பகல் பதினொன்றரை மணி. செப்ரெம்பர் கடைசி வெயில் இலைகளுக்குள்ளால் கசிந்தது. காகங்கள் அவர் சொன்னபடி கூடவே வந்தன, மரத்துக்கு மரம் தாவி, கரைந்து, ஒன்றையொன்று இடித்து. ஆனந்தராஜாவுக்கு நெஞ்சு நிறைந்தது. “பார், கலியாண ஊர்வலம் மாதிரி வருகினம்” என்றார்.

மரங்கள் முடிந்தன. ஹெதர் தொடங்கியது.

முழங்கால் உயரச் செடி. மேடு முழுவதும் அதுதான், வேறு ஒன்றும் இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் பூத்து, பாதி வாடிக் கபில நிறமாகி, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு யாரோ ஒரு பழைய கம்பளியை மலைமேல் போர்த்து மூடியதுபோலக் கிடந்தது. தேன் வாசம் வந்தது. அந்தத் தேனுக்கு அடியில் இன்னொரு வாசம், தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாசம்.

இருபது அடி நடந்த பிறகுதான் கோதை நின்றாள்.

“அப்பா, காகம்?”

திரும்பிப் பார்த்தார். காகங்கள் கடைசி மர வரிசையில் நின்றன. ஒரு கொப்பு மிச்சமில்லாமல் நிறைந்து நின்றன. ஒன்றுகூட ஹெதருக்கு மேலே பறக்கவில்லை.

ஒன்றுகூடக் கரையவும் இல்லை.

“சோத்தைக் கண்டா வருவினம்” என்றார் ஆனந்தராஜா.

உச்சி அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் ஏற ஏற, அடிவாரத்திலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த நெடுஞ்சாலையின் இரைச்சல் தேய்ந்து, ஒரு கட்டத்தில் கதவைச் சாத்தியதுபோல நின்றது. காற்று இல்லை. பூச்சி இல்லை. இவ்வளவு பூவுக்கு ஒரு தேனீயும் இல்லை. அவருடைய மூச்சும் வேட்டி செடியில் உரசும் சத்தமும்தான். உச்சியில் ஓர் ஆள் படுக்கக்கூடிய அளவுக்குச் செடி இல்லாத கறுத்த மண் இருந்தது. வேறு இடம் இல்லாததால் இலையை அங்கே விரித்தார்.

சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணிக்காய், வடை. சுவர்ணாவுக்குப் பிடித்த பால்றொட்டி இரண்டு. தண்ணீர் சுற்றிக் கும்பிட்டார்.

“கா... கா... கா...”

கோதை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பத்து நிமிடம். கால் மணி. கீழே அத்தனை காகமும் பார்த்துக்கொண்டிருந்தன.

“இஞ்சேரும்” என்றார், மெதுவாக.

முப்பத்திமூன்று வருடம் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தலைமுறையில் யாழ்ப்பாணத்து ஆண் யார்தான் கூப்பிட்டார்? குசினியைப் பார்த்து இஞ்சேரும் என்றால் அவள் வருவாள். குசினியில் வேறு யாரும் இருந்ததில்லை.

“இஞ்சேரும். கோபத்தை விட்டிட்டு வாரும். வந்து சாப்பிடும். நான் செய்தது பிழை. வாருமப்பா.”

கோதை அவர் தோளைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தாலும் வாய் அப்பாவின் வாய். “ஆரெண்டு சொல்லாமல் கூப்பிடுறியள். இந்த ஹில்லிலை ஆரும் வருவினம்.”

அப்போது சரிவில் ஓரிடத்தில் ஹெதர் அசைந்தது.

காற்று இல்லை. ஒரே ஒரு கோட்டில் அசைந்தது. செடிகள் பிரிந்து, மூடி, பிரிந்து, மூடி. மேலே, அவர்களை நோக்கி.

“நரி” என்றார் ஆனந்தராஜா.

அசைவு இருபது அடியில் நின்றது. பனிப்புகார் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மண்ணிலிருந்து கிளம்பியதுபோலச் செடிகளின் வேருக்கிடையிலிருந்து வெள்ளையாக எழுந்து, இடுப்பளவில் வந்து, தலைக்கு மேலே மூடியது. அணைத்த அடுப்பின் வாசம் மூக்கை அடைத்தது. கோதை அவர் கையைப் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ.”

குரல் இடப்பக்கத்தில் இருந்து வந்தது. தரையோடு, முழங்காலுக்குக் கீழே இருந்து வந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி இலையைப் பார்த்தபோது இலை மடிந்திருந்தது.

மடித்த கை பழகிய கை. நேராக, சுத்தமாக, செத்த வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக மடித்திருந்தது. ஆனந்தராஜா ஒரு விரலால் திறந்தார். ஒரு பருக்கை இல்லை. இலையில் நக்கிய ஈரம் இருந்தது.

“பசிக்குது” என்றது குரல்.

சுவர்ணாவின் குரல். ஒரு நூல் பிசகாத சுவர்ணாவின் குரல்.

அவர் உடம்பு முழுக்க அந்தக் குரலை நோக்கிப் போனது. கால் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முப்பத்திமூன்று வருடத்தில் சுவர்ணா ஒரு நாளும் ‘பசிக்குது’ என்று சொல்லி அவர் கேட்டதில்லை. நீங்கள் சாப்பிட்டியளோ என்றுதான் கேட்பாள். அவளுக்குப் பசிக்குமா என்று இவரும் கேட்டதில்லை. இது அவள் இல்லையா? அல்லது செத்த பிறகாவது வாய் திறந்து சொல்கிறாளா? இந்த இரண்டாவது எண்ணம் அவரை இன்னொரு அடி இழுத்தது.

“அப்பா, நோ.” கோதை பல்லுக்குள்ளால் சொன்னாள். “அது அம்மா இல்லை.”

“இன்னும் தாங்கோ” என்றது குரல். இப்போது வலப்பக்கத்தில். கிட்ட.

“முடிஞ்சுது” என்றார் ஆனந்தராஜா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. “கொண்டுவந்தது அவ்வளவுதான்.”

செடிகளுக்குள் எதுவோ மெல்ல, நெடுநேரம், மோப்பம் பிடித்தது.

“பிள்ளையை வைச்சிட்டுப் போங்கோ.”

அவருக்கு இருந்த சந்தேகம் அந்த இடத்தில் முடிந்தது. மகளின் கையை இறுக்கினார். இலையும் பாத்திரமும் பையும் கிடந்தபடி கிடக்க இருவரும் இறங்கினார்கள்.

பாதை காலுக்கு அடியில் மட்டும் தெரிந்தது. கோதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் செடி பிரிந்து மூடுகிற சத்தம் கூடவே வந்தது. முழங்கால் உயரச் செடிக்குள் மறைந்துகொண்டு இந்த வேகத்தில் வர ஒரு உடம்பு எப்படி மடிந்திருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

“அப்பா” என்றது பின்னால் ஒரு குரல். அவருடைய குரல். “அப்பா, பிள்ளை, நில்லுங்கோ.”

அது பேசிப் பழகிக்கொண்டிருந்தது. அவர்கள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி.

பெற்றோல் ஸ்டேஷனில் மூன்று தரம் கத்தியோடு வந்தவர்களைச் சமாளித்த மூளை அது. அந்த நேரத்திலும் வேலை செய்தது. மகளின் காதோடு வாய் வைத்துச் சொன்னார்: “கீழை போகுமட்டும் நீயும் கதைக்காதை, நானும் கதைக்கேல்லை. ஆர் கதைச்சாலும் அது நாங்கள் இல்லை. விளங்கினதோ?”

அவள் கையை ஒருமுறை அமத்தினாள்.

தன் கெட்டித்தனத்தில் அவருக்கு ஒரு சொட்டுப் பெருமைகூட வந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக வாயை மூடி ஒரு காரியம் செய்கிறோம் என்று நினைத்தார். சுவர்ணா இருந்திருந்தால் நம்பமாட்டாள்.

இறங்கினார்கள். ஏறிய தூரத்தைப்போல இரண்டு மடங்கு இறங்கினார்கள். பின்னால் சுவர்ணா அழுதாள். முன்னால் அவரே சிரித்தார். எங்கோ தவமலரின் குரல் சாப்பிட வரச் சொன்னது. தவமலர் இந்த மேட்டில் ஒரு சொல் பேசியதில்லை. அவள் பெயர் மட்டும்தான் கீழே கார் நிறுத்திய இடத்தில் விழுந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அது அவளையே செய்துவிட்டது.

ஒரு கல்லில் கால் தடுக்கியது. விழவில்லை, ஆனால் மூக்குக்கண்ணாடி விழுந்தது. குனிந்தார். ஒரு கையால் செடிக்கு அடியில் தடவினார், எட்டவில்லை. மற்றக் கையையும் விட்டுத் தடவினார்.

மூன்று விநாடி. கூடிப்போனால் நான்கு.

கண்ணாடி கிடைத்தது. கையை நீட்டினார். கை வந்து கைக்குள் புகுந்தது. மறுபடி நடந்தார்கள்.

“அப்பா!”

பின்னாலிருந்து கோதையின் குரல். ஓடி வந்து மூச்சு வாங்குகிற குரல்.

“அப்பா, நில்லுங்கோ! நான் இஞ்சை நிக்கிறன்! ஆற்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போறியள்?”

கைக்குள் இருந்த கை மெதுவாக அமத்தியது. ஒருமுறை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கை.

“அப்பா, பிளீஸ்! தட்ஸ் நொட் மீ!”

எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டது, இங்கிலிசுகூட, என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பற்களைக் கடித்தார். பிடித்த கையை விடவில்லை.

குரல் கொஞ்ச தூரம் அழுதுகொண்டு வந்தது. பிறகு தூரமானது. பிறகு ஒரே ஒரு தடவை, செடிக்குள் எதுவோ விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இல்லை.

மரங்கள் வந்தன. பனிப்புகார் கத்தியால் வெட்டியதுபோல முடிந்தது. வெயில். நெடுஞ்சாலையின் இரைச்சல். அவர் திரும்பிப் பார்த்தார். கோதைதான். அதே சாம்பல் ஜாக்கெட், முகம் வெளிறி, தலைமயிரில் ஹெதர்ப் பூ ஒட்டியிருக்க. ஆனந்தராஜா அவளைக் கட்டிப்பிடித்து விம்மினார். அவள் கையைத் தொங்கவிட்டபடி நின்றாள். பிள்ளை பயந்துபோனாள், வேறென்ன.

மரங்களில் ஒரு காகம்கூட இல்லை. கார் நிறுத்துகிற இடத்திலும் இல்லை.

“நீங்கள் ஓடுங்கோ” என்றாள் காரடியில். வரும்போது அவள்தான் ஓட்டிவந்தாள். திரும்பும் வழி நெடுக ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஸ்ரான்மோர் தாண்டி வந்தபோது அவர் ஒரு பகிடி விட்டுப் பார்த்தார். அவள் சிரித்தாள். சரியான இடத்தில், சரியான அளவுக்குச் சிரித்தாள்.

கதவைத் திறந்த தவமலர் முகத்தைப் பார்த்தே பதறினாள். “என்ன, காகம் எடுத்ததோ?”

“ஓம் மச்சாள்” என்றார். பொய்யென்று அவருக்குத் தோன்றவில்லை. எடுத்ததுதானே, ஏதோ ஒன்று. “எல்லாத்தையும் எடுத்தது.”

தவமலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். “அவள் கோபமில்லையடா தம்பி, கோபமில்லை. இருங்கோ, இலை போடுறன். கோதை, எங்கையடி போறாய்? சப்பாத்தைக் கழட்டு! திவச வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை!”

கோதை கழற்றவில்லை. படியேறித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“விடுங்கோ மச்சாள். களைப்பு.”

ஆனந்தராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. கொஞ்சச் சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தார். கவுன்சில் இன்னும் இரண்டு பக்கம் எழுதட்டும். சோற்றைப் படியின் கீழ்க்கட்டில் வைத்தார். மேட்டில் கோதை சொன்னது நினைவுக்கு வந்தது. ஆரெண்டு சொல்லாமல் கூப்பிடுறியள்.

“சுவர்ணா” என்றார்.

நாக்குக்குப் பழக்கமில்லாத சொல். புதுமாப்பிள்ளைபோல வெட்கமாக இருந்தது. மறுபடி சொன்னார்.

“சுவர்ணா. அண்டைக்கு மைக்கிலை நான் சொன்னது பகிடி இல்லை. நீர் பாஸ் பண்ணிப்போட்டா இனி ஆரை வைச்சுச் சிரிக்கிறதெண்டு எனக்குப் பயம். அதுதான். சாப்பிடும்.”

செட்டை அடிக்கிற சத்தம் கேட்டது.

ஒரு காகம் வேலியில் இறங்கி, புல்லில் குதித்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு தத்தித் தத்திப் படிக்கு வந்து சோற்றில் வாய் வைத்தது. ஒரு வருடமாக வராத காகம். ஒரு பருக்கை, இன்னொரு பருக்கை, அவசரமில்லாமல். ஆனந்தராஜா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில், மேட்டில் சாப்பிட்டது இவள் இல்லை என்பது திரும்பவும் உறைத்தது. அது பரவாயில்லை. இவள் வந்துவிட்டாள்.

காகம் சாப்பிடுவதை நிறுத்தியது.

தலையை நிமிர்த்தி மாடி ஜன்னலைப் பார்த்தது. கழுத்து மயிர் குத்திட்டது. பிறகு கத்தத் தொடங்கியது. வழக்கமான கரைதல் இல்லை அது. கூரைக்குள் பாம்பைக் கண்டால் காகம் ஊரைக் கூட்டுகிற கத்தல்.

அவர் மெதுவாக மேலே பார்த்தார்.

கோதை ஜன்னலில் நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. காகத்தையும் பார்க்கவில்லை. படியில் மிச்சம் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று விநாடி. கூடிப்போனால் நான்கு.

பிளீஸ் என்று கெஞ்சிய குரல் அவர் காதுக்குள் முழுதாகத் திரும்பி வந்தது. மேட்டில் அந்த ஜந்து அதுவரை பேசியதெல்லாம் தமிழ், யாரும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவும் இல்லை. அது பொறுக்கி எடுக்க அங்கே அந்தச் சொல் கிடக்கவே இல்லை.

காகம் பறந்து, மேடு இருக்கிற பக்கமாக, வேலியின் வடக்கு மூலையில் இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தது. கொஞ்சம் பறந்து, அடுத்த வீட்டு வேலியில் இருந்து, மறுபடி பார்த்தது. மணி மூன்று. பொழுது சாய இன்னும் நான்கு மணித்தியாலம் கிடந்தது. போய் ஏறலாம். கத்திக் கூப்பிடலாம், பிள்ளையைப் பெயர் சொல்லி.

ஆனந்தராஜா எழுந்தார். கார்த் திறப்பு வேட்டி மடிப்பில் இருந்தது. வீட்டுக்குள்ளால் போனால் படிக்கட்டைத் தாண்ட வேண்டும், தவமலர் குசினியில் கழுவுகிற சத்தம் கேட்டது. அவளையும் கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. பக்கக் கதவடிக்குச் சத்தமில்லாமல் நடந்தார். கொண்டியில் கை வைத்தார்.

மேலே ஜன்னல் திறந்தது.

“அப்பா, எங்கை போறியள்?”

வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. சுவர்ணா பிள்ளைக்குப் பேச்சு வந்த காலத்திலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்தது அது. இருபத்தெட்டு வருடத்தில் கோதை ஒரு தடவையும் அப்படிக் கேட்டதில்லை.

“கடைக்கு” என்றார், மேலே பார்க்காமல். “பால் முடிஞ்சுது.”

“நில்லுங்கோ. நானும் வாறன்.”

வீட்டுக்குள் மாடிப்படியில் அது இறங்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. இரண்டு காலின் சத்தம் அல்ல.